பக்கத்து வீட்டுப் பெரியவரின் பிஸ்கெட் டின்: 1958 புரோகிராம், 1966 டிக்கெட், இதற்கெல்லாம் எப்படி விலை பார்ப்பது?

குமரன், ஸ்ட்ரெட்ஃபோர்ட்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மான்செஸ்டரில் இருக்கிறேன், ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் போன மாதம் தவறிவிட்டார், 81 வயது. நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில், கைக்குழந்தையோடு பனியில் வெளியே போக முடியாமல் திண்டாடியபோது, கேட்காமலே பால் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டிய மனிதர். அவர் மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். வீட்டைக் காலி செய்ய வந்தபோது ஒரு பெரிய பிஸ்கெட் டின்னை என்னிடம் கொடுத்து, "எனக்கு நேரமில்லை, விலை போகிறதை விற்று பணத்தை அனுப்பு, மற்றதை உன் பையனுக்கு வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டின்னுக்குள் முழுக்க கால்பந்துக் காகிதங்கள். எனக்குப் புரிந்தவரை முக்கியமானவை இவை. 1958 பிப்ரவரி 19, மான்செஸ்டர் யுனைடெட் - ஷெஃபீல்டு வென்ஸ்டே மேட்ச் புரோகிராம், அதாவது மைதானத்தில் விற்கிற மேட்ச் விவரப் புத்தகம், உள்ளே யுனைடெட் வீரர்கள் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, அதில் யாரோ பென்சிலால் பெயர்கள் எழுதியிருக்கிறார்கள். 1966 உலகக் கோப்பை, ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த போர்ச்சுகல் - ஹங்கேரி மேட்சின் பாதி டிக்கெட். 1968 ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டி, யுனைடெட் போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்புடன் ஆடியது, அதன் பாதி டிக்கெட்டும் புரோகிராமும். 1966 உலகக் கோப்பை இறுதிப்போட்டி புரோகிராம் ஒன்று, பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது. அப்புறம் யுனைடெட் ஆட்டக்காரர் ஜார்ஜ் பெஸ்ட் கையெழுத்துப் போட்ட படம்.

இங்கே ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சேர்த்து 60 பவுண்டு தருகிறேன் என்றார், பென்சில் கிறுக்கல் இருப்பதால் 1958க்கு ஒன்றும் கிடைக்காது, வேண்டுமானால் ரப்பரால் அழித்துக் கொண்டு வா என்றும் சொன்னார். என் நண்பர் ஒருவரோ லட்சக்கணக்கில் போகும், மரடோனா சட்டை எவ்வளவு போனது பார் என்கிறார். இரண்டில் எது உண்மை? இறந்தவரின் பொருள், அந்தப் பெண்ணை ஏமாற்றியது போல ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

வெம்பிளி ராஜன்:

குமரன் தம்பி, முதலில் அந்த ரப்பரைத் தொடாதீர்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

நான் முப்பது வருடமாக லண்டனில் இருந்துகொண்டு புரோகிராம், டிக்கெட் சேர்க்கிறேன். உங்கள் நண்பர் சொல்கிற கணக்கு வேறு உலகம். 1986ல் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் கோல் போட்ட அன்று மரடோனா அணிந்த சட்டை 2022ல் சோத்பீஸ் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது, அந்த மேட்ச் பந்தே அதே வருடம் 20 லட்சம் பவுண்டு. பார்சிலோனாவில் மெஸ்ஸியைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று 2000 டிசம்பரில் எழுதிக் கொடுத்த பேப்பர் நாப்கின் 2024ல் 7,62,400 பவுண்டு. அவையெல்லாம் உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற பொருள்கள். டிக்கெட்டும் புரோகிராமும் அப்படியல்ல, ஆயிரக்கணக்கில் அச்சடித்தவை, அதில் எத்தனை மிச்சம் என்பதுதான் கேள்வி. புரோகிராமில் பெரிய விலை என்றால் இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்ஏவின் 1882 கோப்பை இறுதிப்போட்டியைச் சொல்லலாம், ஓல்ட் ஈட்டோனியன்ஸ் - பிளாக்பர்ன் ரோவர்ஸ், 2013ல் 35,250 பவுண்டுக்குப் போனது. 130 வருடம் ஒரு தாள் கசங்காமல் தப்பிப் பிழைத்ததற்கான விலை அது.

பழசாக இருந்தாலே விலை வரும் என்று நினைக்கக் கூடாது. 1968 இறுதிப்போட்டி புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து கிளப் ஒன்று முதல்முறை ஐரோப்பியக் கோப்பை ஜெயித்த நாள், மே 29, வெம்பிளி, 4-1. வாங்கிய எல்லோருக்கும் அது முக்கியமான நாள் என்று அன்றைக்கே தெரியும், அதனால் எல்லோரும் பத்திரமாக வைத்தார்கள், ஆகவே இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவுதான். டிக்கெட் அப்படியல்ல. வாசலில் கிழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள், அதைப் பெரும்பாலானோர் பாக்கெட்டோடு துவைத்துவிட்டார்கள். அதனால் பல இறுதிப்போட்டிகளில் புரோகிராமைவிட பாதி டிக்கெட்டுக்கு விலை அதிகம், கிழிக்காத முழு டிக்கெட் என்றால் இன்னும் அதிகம். உங்கள் டிக்கெட்டில் பிளாக், வரிசை, சீட் எண் தெளிவாகத் தெரிகிறதா, கிழித்த ஓரம் தேதியைத் தின்றுவிட்டதா என்று பாருங்கள். மேட்ச் பெயரும் தேதியும் போயிருந்தால் விலை பாதியாகிவிடும்.

இப்போது 1958. பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்து, யுனைடெட் அணி வந்த விமானம் நொறுங்கி வீரர்கள் பலர் இறந்துபோனார்கள். யுனைடெட்டுக்கு 8ஆம் தேதி ஓல்ட் டிராஃபோர்டில் வுல்வ்ஸுடன் மேட்ச் இருந்தது, அதற்குப் புரோகிராம் அடித்தாகிவிட்டது. மேட்ச் நின்றதும் அவற்றை அழித்துவிட்டார்கள், எப்படியோ வெளியே வந்த சில பிரதிகள்தான் மிச்சம். அது கிடைத்தால் ஆயிரக்கணக்கான பவுண்டு. உங்களிடம் இருப்பது அதற்குப் பிறகு 19ஆம் தேதி நடந்த முதல் மேட்ச். யார் ஆடப் போகிறார்கள் என்று அச்சுக்குப் போகிற நேரத்தில் கிளப்புக்கே தெரியாது. அதனால்தான் யுனைடெட் பக்கம் பதினோரு இடத்தையும் காலியாக விட்டு அடித்தார்கள். யுனைடெட் தொடர்ந்து நடக்கும் என்று கிளப் தலைவர் எழுதிய செய்தியும் அதே இதழில்தான் இருக்கிறது. கிட்டத்தட்ட 60,000 பேர் வந்த மேட்ச், புரோகிராமும் நிறைய தப்பியிருக்கிறது, அதனால் இதன் விலை ஆயிரத்தில் இல்லை, நல்ல நிலையில் இருந்தால் பத்துகளில் போகும். ஆனாலும் என்னிடம் இருக்கிற எதையும்விட நான் அதிகமாக எடுத்துப் பார்ப்பது அந்த இதழைத்தான்.

அன்றைக்கு மைதானத்தில் ஒலிபெருக்கியில் பெயர்களைச் சொல்லச் சொல்ல, ஜனங்கள் காலி இடத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார்கள். மற்ற புரோகிராமில் எழுதியிருந்தால் விலை குறையும், ஸ்கோர் எழுதினாலும் குறையும், அது பொது விதி. இந்த ஒரு இதழில் மட்டும் அன்று இரவே எழுதிய பெயர் என்றால் அதையே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். உங்களுடையதில் என்னென்ன பெயர் எழுதியிருக்கிறது, எழுத்துப் பிழை உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

1966 இறுதிப்போட்டி புரோகிராமில் ஜாக்கிரதை. அதற்குப் பின்னாளில் அடித்த நகல்கள் நிறைய சுற்றுகின்றன, பேப்பரும் எடையும் வேறு. அசல் என்று உறுதியாகத் தெரிந்த பிரதி வைத்திருப்பவரிடம் போய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சமையலறைத் தராசே போதும். பெஸ்ட் கையெழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். படம் முழுக்க அச்சுப் புள்ளிகள் தெரியும், கையெழுத்தும் அதே புள்ளிகளால் ஆனதாக இருந்தால் அது படத்தோடு அச்சடித்தது. பேனாவால் போட்டது என்றால் மை காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், சாய்த்துப் பிடித்தால் பேனா அழுத்திய தடம் தெரியும்.

அருள்மொழி, சென்னை:

குமரன் சார், நான் ஒரு ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறேன், கால்பந்து விலை எனக்குத் தெரியாது, காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தயவுசெய்து எதையும் லேமினேட் செய்துவிடாதீர்கள். என் பெரியப்பா கொல்கத்தாவில் வேலை பார்த்தவர், 1977 செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான் அணிக்கும் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸுக்கும் நடந்த மேட்சைப் பார்த்தவர், மழைச் சேற்றில் ஆடி 2-2 என்று முடிந்த மேட்ச். அடுத்த வாரமே பெலே கடைசியாக ஆடி ஓய்வு பெற்றார். அந்த டிக்கெட்டைப் பெரியப்பா முப்பது வருடம் பர்ஸில் வைத்திருந்தார். கடைசியில் பத்திரப்படுத்துவதாக நினைத்து யாரோ அதை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துவிட்டார்கள். சூட்டில் பிளாஸ்டிக்கின் பசை காகித நாருக்குள் இறங்கிவிட்டது, மடிப்பில் காற்றுக்குமிழி, மை கலங்கிவிட்டது. என் வேலையே இதுதான், ஆனாலும் என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தால் மனசு கனத்துப்போகும்.

பிஸ்கெட் டின்னிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள், டின் துருப்பிடிக்கும், குளிர்காலத்தில் உள்ளே ஈரம் கட்டும். ரப்பர் பேண்டு, ஜெம் கிளிப் இருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் நீங்களாகப் பிடுங்க வேண்டாம், காகிதம் கையோடு வரும். ஸ்டேஷனரி கடையில் விற்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் கவர் பெரும்பாலும் பிவிசி, கொஞ்ச நாளில் மையை இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் கவர் என்று கேட்டு வாங்குங்கள், மைலார் என்றும் சொல்வார்கள், பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்று. வெயில் படுகிற சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டாதீர்கள், பரணில் வைக்காதீர்கள், படுக்கையறை அலமாரி போதும். செலோடேப் ஒட்டிய கிழிசல் இருந்தால் அப்படியே விடுங்கள், நீங்கள் உரித்தால் அச்சும் சேர்ந்து உரியும்.

அப்புறம் பென்சில் எழுத்தை யார் சொன்னாலும் அழிக்காதீர்கள். அழித்தாலும் தடம் இருக்கும், காகிதம்தான் மெலிந்துபோகும்.

சுரேஷ், நங்கநல்லூர்:

நடுவில் ஒரு கேள்வி. 2018ல் ரஷ்யா போய் கசானில் பிரான்ஸ் - அர்ஜென்டினா 4-3 மேட்ச் பார்த்தேன், பேப்பர் டிக்கெட், என் பெயரே அச்சடித்திருக்கிறது. பெயர் இருப்பதால் விலை போகாதா? விற்கிற எண்ணமில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

வெம்பிளி ராஜன்:

சுரேஷ், எம்பாப்பே இரண்டு கோல் போட்டு உலகத்துக்கே தெரிய வந்த மேட்ச் அது. இன்றைக்குப் பெரிய விலை இல்லை, ஆனால் டிக்கெட் எல்லாம் மொபைலுக்குள் போய்விட்ட பிறகு பேப்பர் டிக்கெட்டின் கடைசிக் காலத்தைச் சேர்ந்தது என்பதால் பத்திரமாக வையுங்கள். ரஷ்யாவில் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஃபேன் ஐடி கொடுத்தார்களே, அதையும் சேர்த்தே வையுங்கள், இரண்டிலும் ஒரே பெயர் இருப்பது நல்ல சாட்சி. ஒரு விஷயம், நம் காலத்து டிக்கெட் பலவும் மளிகைக் கடை பில் மாதிரி சூட்டில் அச்சாகிற காகிதம், வெளிச்சமும் வெப்பமும் பட்டால் எழுத்து மறைந்தே போகும். இன்றைக்கே இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.

குமரன், ஸ்ட்ரெட்ஃபோர்ட்:

ராஜன் அண்ணா, அருள்மொழி மேடம், இருவருக்கும் ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் டின்னிலிருந்து எடுத்து மேசையில் பரப்பி, பையனின் லென்ஸை வாங்கி ராத்திரி ஒரு மணிவரை பார்த்தேன்.

பெஸ்ட் கையெழுத்து அச்சடித்ததுதான். நீல மை மாதிரி தெரிந்தது, லென்ஸில் முழுக்கப் புள்ளி. 1966 இறுதிப்போட்டி புரோகிராமும் சந்தேகம்தான், டின்னில் இருந்த மற்றதெல்லாம் ஓரம் பழுப்பேறி ஒரு வாசனை அடிக்கிறது, இது மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. போர்ச்சுகல் - ஹங்கேரி டிக்கெட்டில் தேதி, 1966 ஜூலை 13, தெளிவாக இருக்கிறது, சீட் எண்ணும் இருக்கிறது, ஒரு மூலை மடிந்திருக்கிறது, அவ்வளவுதான். 1968 பாதி டிக்கெட்டில் பின்பக்கம் ஆல்பத்தில் ஒட்டிய பசை.

1958 புரோகிராமில் பதினோரு பெயரும் இருக்கின்றன. கிரெக், ஃபௌக்ஸ், கிரீவ்ஸ், குட்வின், கோப், பிறகு ஆறாவது இடத்தில் கிரௌடர் என்று இருக்கிறது. அதற்குப் பிறகு வெப்ஸ்டர், டெய்லர், டாசன், பியர்சன், பிரென்னன். முதல் ஐந்தும் திருத்தமான கையெழுத்து. ஆறாவதில் முதலில் ஏதோ எழுதி, அடித்துவிட்டு, மேலே மறுபடி எழுதியிருக்கிறார்கள், அந்த இடத்தில் பென்சில் முனை காகிதத்தைக் கிட்டத்தட்ட ஓட்டை போட்டுவிட்டது. அடுத்த பெயர்கள் கொஞ்சம் அவசரமாகக் கோணலாகப் போகின்றன. நான் இணையத்தில் பார்த்தேன், அவர் பெயர் கிரௌடர் இல்லை, கிரௌதர். இந்தப் பிழையால் விலை குறையுமா?

வெம்பிளி ராஜன்:

தம்பி, நான் கேட்டதே அந்தப் பிழைக்காகத்தான். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஸ்டான் கிரௌதர் அன்று காலை ஆஸ்டன் வில்லா ஆட்டக்காரர். யுனைடெட்டுக்குக் கையெழுத்துப் போட்டது மேட்ச் தொடங்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்னால். இது எஃப்ஏ கோப்பை மேட்ச், அந்த வருடக் கோப்பையில் வில்லாவுக்கு ஏற்கெனவே ஆடியிருந்ததால் விதிப்படி இன்னொரு கிளப்புக்கு ஆட முடியாது, எஃப்ஏ விசேஷமாக அனுமதி கொடுத்தது. மைதானத்தில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு அவர் வருகிறார் என்பதே தெரியாது. ஒலிபெருக்கி சொல்கிறது, கூட்டத்தின் இரைச்சலில் காதில் சரியாக விழவில்லை, முதலில் தப்பாக எழுதி அடித்து, பிறகு கேட்டபடி கிரௌடர் என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் மறுநாள் பேப்பரைப் பார்த்து எழுதியிருந்தால் பெயர் சரியாக இருந்திருக்கும். பின்னாளில் விலைக்காக யாராவது எழுதியிருந்தாலும் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். அந்தப் பெரியவர் 81 வயதில் தவறினார் என்கிறீர்கள், அப்படியானால் அன்றைக்கு அவருக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. மியூனிக்கிலிருந்து பிழைத்து வந்து பதிமூன்றே நாளில் ஆடியவர்கள் இருவர், கிரெக்கும் ஃபௌக்ஸும், அவர்கள் பெயரை அந்தப் பையன் எத்தனை நிதானமாக எழுதியிருக்கிறான் பாருங்கள். 3-0 என்று ஜெயித்தார்கள், பிரென்னனுக்கு இரண்டு கோல், டாசனுக்கு ஒன்று.

இப்போது விற்பதைப் பற்றி. 60 பவுண்டுக்கு மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ஈபேயில் ஒருவர் 500 பவுண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது அவர் ஆசை. விற்று முடிந்தவை என்று வடிகட்டிப் பார்த்தால் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தெரியும், அதில் ஒரே நிலையில் உள்ள நாலைந்தை ஒப்பிட்டு நடுவில் உள்ள விலையை எடுங்கள். 1966 டிக்கெட்டையும் 1968 டிக்கெட்டையும் தனித்தனியாக விற்கலாம். கால்பந்துப் பொருளுக்கென்றே ஏலம் நடத்துகிறவர்கள் உண்டு, ஆனால் அங்கே விற்பவரிடமும் கமிஷன், வாங்குபவரிடமும் கமிஷன், சின்ன பொருளுக்குக் கட்டுப்படியாகாது. ஆல்பத்தில் ஒட்டிய பசை, மடிந்த மூலை எல்லாவற்றையும் படத்தோடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1966 இறுதிப்போட்டி புரோகிராமை நகல் என்று தெளிவாகப் போட்டு விற்கலாம், சந்தேகம் என்று தெரிந்த பிறகு அசல் என்று விற்பது பாவம். வரப்போகிற மேட்ச் டிக்கெட்டை அனுமதியில்லாமல் விற்பதுதான் இங்கே 1994 சட்டப்படி குற்றம், பழைய பாதி டிக்கெட்டுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

1958ஐ விற்பதற்கு முன் அந்த மகளிடம் ஒரு தடவை பேசுங்கள். நான் வாங்கத் தயார், நல்ல விலையும் தருவேன், ஆனாலும் முதலில் பேசுங்கள்.

குமரன், ஸ்ட்ரெட்ஃபோர்ட்:

நேற்று அந்த அம்மாவிடம் வீடியோவில் பேசினேன். பக்கத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அது முழுக்க அப்பா எழுத்து இல்லை என்றார். முதல் ஐந்து பெயரும் அவருடைய அத்தை, அதாவது பெரியவரின் அக்கா எழுத்தாம், பழைய கடிதங்களில் பார்த்திருக்கிறாராம். கோணலாகப் போகிற மிச்சம்தான் அப்பாவாம். அக்காவோடுதான் அன்று போனதாக அப்பா சொல்லியிருக்கிறார், அக்கா பாதியில் அழ ஆரம்பித்து பென்சிலைத் தம்பி கையில் கொடுத்துவிட்டாளாம். புரோகிராம் இன்னும் இருக்கிறது என்பது மகளுக்குத் தெரியாது.

டிக்கெட் இரண்டையும் விற்றுப் பணத்தை அனுப்பச் சொன்னார். புரோகிராமை விற்க வேண்டாம், ஆகஸ்டில் வரும்போது வாங்கிக்கொள்கிறேன், அதுவரை அந்த அம்மா சொன்ன கவரில் வைத்திரு என்றார். அருள்மொழி மேடம், அது நீங்கள்தான். பாலியெஸ்டர் கவர் நாளைக்கு வருகிறது. ராஜன் அண்ணா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

வெம்பிளி ராஜன்:

மன்னிப்பு எதற்கு தம்பி, எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தனித் தாளில், புரோகிராமின் மேல் வேண்டாம், தனித் தாளில், யார் எந்தப் பெயரை எழுதியது, இதை யார் எந்தத் தேதியில் உங்களிடம் சொன்னது என்று எழுதி அதே கவரில் அட்டைக்குப் பின்னால் வையுங்கள். அக்கா பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

குமரன், ஸ்ட்ரெட்ஃபோர்ட்:

எழுதிவிட்டேன் அண்ணா. அக்கா பெயரைக் கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், அங்கே இப்போது நள்ளிரவு, பதில் வந்ததும் சேர்த்துவிடுகிறேன்.